மாமிக்கு ஒத்துக்கொள்ளாது

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் கருவாடு பொரிக்கக் கூடாது. சாமி காரியமாக இருந்தால் அம்மா ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். வீட்டுச் சொந்தக்காரரின் மனைவிக்கு அந்த மணம் ஒத்துக்கொள்ளாது என்பதுதான் காரணம். கொஞ்ச நாளில் செவ்வாய்க்கிழமையும் அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது.

பினாங் தீவில் சுங்கை பினாங் பக்கம், அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய மாடி வீடுகளில் ஒன்று அது. கீழே நாங்கள், மேலே சொந்தக்காரரும் அவர் மனைவியும். மாடிப்படி எங்கள் முன்வாசலை ஒட்டி வெளியே இருந்தது. அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் கோர்ட்டில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அவரைக் கிராணி ஐயா என்போம். அவர் மனைவியை நான் மாமி என்று கூப்பிட வேண்டும் என்று ஐயாவே சொல்லியிருந்தார்.

கிராணி ஐயா ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. படியின் கடைசிக் கட்டையில் நின்று ஒருமுறை செருமுவார். அப்பா எங்கே இருந்தாலும் சட்டையைத் தேடுவார். கார் ஏற்றும் பெர்ரிப் படகில் வேலை செய்த அப்பாவுக்கு நாள் முழுக்க வெயிலில் நின்று கார்களுக்குக் கைகாட்டும் பழக்கம் இருந்தது. லோரிக்காரர்களை அதட்டுவார். ஆனால் அந்தச் செருமலுக்கு முன்னால் சட்டையின் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பார்.

"குறை நினைக்காதேங்கோ. எங்கட மனிசிக்கு ஒத்துக்கொள்ளுதில்லை" என்று அவர் தொடங்குவார். மனைவியை அவர் மனிசி என்பார்.

முன்னால் கொடி கட்டித் துணி காயப்போடுவது மனிசிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா உரலில் இடிக்கும் சத்தமும் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு முன்வாசலில் ஆள் நடமாட்டமே ஒத்துக்கொள்ளவில்லை, மனிசி பயப்படுகிறார் என்றார். நாங்கள் பின்சந்துக் கதவு வழியாகப் போய்வர ஆரம்பித்தோம். செருமல் கேட்டால் மட்டும் முன்கதவின் ஒரு பக்கத்தைத் திறப்போம். பட்டர்வொர்த்திலிருந்து வந்த சித்தப்பா முன்கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விட்டார். எனக்கு மட்டும் அந்தப் பின்கதவு பிடித்திருந்தது. நான் அப்போதே ஆள் முகம் பார்த்துப் பேசத் தெரியாதவள். சந்து வழியாகப் போனால் யாருக்கும் வணக்கம் சொல்ல வேண்டியதில்லை.

"அவரு கேக்குறதுல ஒன்னாச்சும் வீடு பேசறப்ப சொன்னாரா?" என்று அம்மா கேட்பாள்.

"பெரிய மனுசன் வாயைத் தொறந்து கேக்குறாரு லா. மாட்டேன்னா சொல்றது?" என்பார் அப்பா.

"நாம சும்மாவா இருக்கோம்? மாசம் பொறந்தா வாடகை குடுக்குறோம்ல?"

"கோர்ட்டுல இருந்தவரு. அவருக்குத் தெரியாததா?"

அதோடு அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். சட்டம் எங்கோ தூரத்தில் இருப்பதாகத்தான் மற்ற வீடுகளில் நினைப்பார்கள். எங்கள் வீட்டில் அது தலைக்கு மேலேயே நடமாடியது. அதன் மரச்செருப்புச் சத்தம் எங்களுக்குக் கேட்கும்.

ஒருநாள் செருமல் கேட்டபோது அப்பாவோடு நானும் வெளியே போனேன். மனிசிக்குக் கண்ணில் புரை, எழுத்து தெரிவதில்லை, பிள்ளையைப் பின்னேரத்தில் ஒருக்கால் மேலே அனுப்பினால் பேப்பர் வாசித்துக் காட்டும் என்றார் கிராணி ஐயா. அப்பா என் தலையில் கை வைத்து, "அதுக்கென்ன ஐயா, படிப்பும் வளரும்" என்று சொல்லிவிட்டார். கேட்டவற்றிலேயே பெரிய அநியாயம் இதுதான் என்று அம்மா கொதித்தாள். "வீட்டைத்தானே வாடகைக்குப் பேசினோம்? பிள்ளையையுமா சேத்துப் பேசினோம்?" என்றாள். இருந்தாலும் மறுநாள் பேக்டரி வேலையிலிருந்து வந்ததும் எனக்குத் தலை பின்னி அனுப்பினாள்.

மாமி சன்னலோரம் பிரம்பு நாற்காலியில் இருப்பார். நான் தரையில் உட்கார்ந்து தமிழ்ப் பேப்பரை விரிப்பேன். அவருக்கு முதலில் மரண அறிவித்தல் வாசிக்க வேண்டும். தெரிந்தவர் யாரும் இல்லை என்றால் "அப்ப சரி" என்று மற்ற செய்திகளுக்கு அனுமதி கொடுப்பார். எனக்கு நீளமான சொற்கள் வாயில் நுழையாது. அவற்றைத் தாண்டிப் போய்விடுவேன்.

"பிள்ளை, ஒரு வரியை விட்டிட்டாய்" என்பார் மாமி.

கண் தெரியாதவருக்கு எப்படித் தெரிகிறது என்று எனக்குப் பயமாக இருக்கும். வாசித்து முடிந்ததும் கிரீம் பிஸ்கட் தருவார். பிறகு கேள்விகள் வரும். கீழே என்ன சமையல், தம்பி நடக்கிறானா, அம்மா வேலைக்கு எந்த பஸ்ஸில் போகிறாள். நான் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வேன். ஒருநாள், "முந்தி வெள்ளிக்கிழமையில கருவாடு பொரிப்பீங்கள். இப்ப ஏன் அந்த வாசத்தைக் காணேல்லை?" என்று கேட்டார். என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்து, "நாங்க பொரிக்கிறதே இல்ல மாமி, சத்தியமா" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடி வந்தேன். நாங்கள் ஒழுங்காக இருக்கிறோம் என்று சொல்லிவிட்ட பெருமை எனக்கு.

தீபாவளி நெருங்கியபோது மறுபடியும் செருமல் கேட்டது. இந்த முறை ஆட்களைக் கூப்பிட வேண்டாம், மனிசிக்குத் தலையிடி, சத்தம் ஒத்துக்கொள்ளாது என்றார் கிராணி ஐயா. அப்பா சரி என்று சொல்ல வாயெடுத்தார். கதவுத் திரைக்குப் பின்னால் நின்ற அம்மா வெளியே வந்தாள். அவள் அவரிடம் நேராகப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஐயா, பேக்டரியில என்கூட வேலை செய்யறவங்க வீட்டுக்கெல்லாம் நான் போய்ச் சாப்பிட்டிருக்கேன். மலாய்க்காரங்க ஹரி ராயாவுக்குப் போனேன், சீனப் பெருநாளுக்குப் போனேன். இப்ப என் பெருநாளுக்கு யாரும் வராதீங்கன்னு எப்படி ஐயா சொல்றது?"

கிராணி ஐயா அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"அப்ப நீங்கள் வேற வீடு பாருங்கோ. பெருநாளுக்கு முன்னம் எழும்பினால் நல்லது. இல்லாட்டி நான் பூட்டை மாத்த வேண்டி வரும்."

அந்த வாரம் எங்கள் வீட்டில் இரண்டு வேலைகள் ஒன்றாக நடந்தன. ஒரு பக்கம் அம்மா முறுக்கு சுட்டு டின்களில் அடுக்கினாள். இன்னொரு பக்கம் அப்பா பாசார் சந்தையிலிருந்து கொண்டுவந்த அட்டைப் பெட்டிகளில் தட்டுகளை அடுக்கினார். ஆயர் ஈத்தாமில் ஒரு பிளாட் பார்த்துவிட்டு வந்து, லிப்ட் இல்லை, தண்ணீர் சில நாள் மேலே ஏறாதாம், ஆனால் சொந்தக்காரர் பக்கத்தில் இல்லை என்றார். வேலை முடிந்து வரும்போது பூட்டு மாறியிருந்தால் தம்பிக்குப் பால் எங்கே காய்ச்சுவது என்று அம்மா ஒருமுறை தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். நான் பள்ளிவிட்டு வந்ததும் முதலில் பூட்டைத்தான் பார்ப்பேன்.

அந்த நிலையிலும் பேப்பர் வாசிப்பதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நானும் போனேன். அன்று கிராணி ஐயா கோயிலுக்குப் போயிருந்தார். மரண அறிவித்தலிலேயே நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"ஆர் பிள்ளை செத்தது? தெரிஞ்ச ஆளோ?"

இல்லை என்று தலையாட்டினேன். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆள் கூப்பிடக் கூடாது என்றது, மாமியின் தலைவலி, பூட்டு, ஆயர் ஈத்தாம், தம்பியின் பால். அவ்வளவு நீளமாக நான் அதுவரை யாரிடமும் பேசியதில்லை.

மாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பூட்டு மாத்துறதாமோ? கோட்டுக் கட்டளை இல்லாமல் வாடகைக்கு இருக்கிற ஒருத்தரையும் எழுப்ப ஏலாது. சீவியம் முழுக்க அதைத்தானே எழுதிக்கொண்டு இருந்தவர். வீட்டுக்கு ஆர் வருகினம், என்ன சமைக்கினம் எண்டு கேக்கவும் ஏலாது. அதுவும் அவருக்குத் தெரியும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுப்புறதெண்டாலும் நான் எல்லோ எழுப்ப வேணும்? இது என்ர சீதன வீடு. என்ர ஐயா என்ர பேரில வாங்கித் தந்தவர். போய் அம்மாட்டச் சொல்லு" என்றார்.

நான் எழுந்தேன்.

"பிள்ளை, பெருநாளுக்கு என்னையும் கூப்பிடச் சொல்லு."

அன்று மாமி பிஸ்கட் தர மறந்துவிட்டார். நான் கீழே வந்து, கேட்டதை ஒப்பித்தேன். அம்மா மாவுக் கையோடு நின்று கேட்டாள். மறுபடியும் சொல்லச் சொன்னாள். சீதன வீடு என்று வந்த இடத்தில் அப்பாவைப் பார்த்தாள்.

"கோர்ட்டுன்னு போனா நமக்கு யாரு இருக்கா?" என்றார் அப்பா.

"யாரு கோர்ட்டுக்குப் போறது? கூப்பிடச் சொல்லியிருக்காங்க. கூப்பிடத்தான் போறேன்" என்றாள் அம்மா. பெட்டியில் அடுக்கியிருந்த தட்டுகளை வெளியே எடுக்கத் தொடங்கினாள்.

தீபாவளியன்று காலையில் அம்மா முன்கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்தாள். மறுபக்கம் வெகுநாள் பூட்டிக் கிடந்ததால் தாழ்ப்பாள் இறுகிப்போய் அப்பா எண்ணெய் விட வேண்டியிருந்தது. புதுச் சேலையோடு, தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், பலகாரம் எல்லாம் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு மாடியேறினாள். கிராணி ஐயா மேற்படியில் நின்றார். வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி.

"அம்மாவ வீட்டுக்கு அழைக்க வந்தேன் ஐயா."

"மனிசிக்குத் தலையிடி. இறங்கி வர ஏலாது."

அம்மா நகரவில்லை. தட்டைப் பிடித்தபடி நின்றாள். முக்கியமான செய்தியை அவள் மறந்துவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. சேலையை இழுத்து, "சீதன வீடுன்னு சொல்லும்மா" என்று கிசுகிசுத்தேன். தட்டுக்கு அடியில் இருந்த அவள் கை என் தோளில் நறுக்கென்று கிள்ளியது. உண்மையைச் சொல்லச் சொன்னதற்கு ஏன் கிள்ளினாள் என்று வெகுகாலம் எனக்கு விளங்கவில்லை. கிராணி ஐயாவுக்குக் கேட்டதா என்றும் தெரியாது. அவர் முகம் எப்போதும் போலத்தான் இருந்தது.

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "எனக்கென்ன தலையிடி? நான் சீலை மாத்தி எவ்வளவு நேரம்! பிள்ளையை உள்ளுக்கு விடுங்கோ, தோளைப் பிடிச்சுக்கொண்டு இறங்க."

கிராணி ஐயா சுவரோடு ஒதுங்கினார். அம்மா கிள்ளிய அதே தோளைப் பிடித்துக்கொண்டு மாமி ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அன்று எங்கள் வீடு கொள்ளாத கூட்டம். அம்மாவோடு ஒரே லைனில் வேலை செய்யும் மலாய்க்கார அக்கா மாமியின் தட்டில் இடியப்பத்தை வைத்து "மாக்கான், மாக்கான்" என்று சாப்பிடச் சொன்னார். மாமி என் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் சிரித்தார். எனக்கு அது வேறு யாரோ போல இருந்தது. இடையில் அம்மாவைப் பார்த்து, "கருவாடு இல்லையோ?" என்று கேட்டார்.

"தீபாவளிக்கு யாரும்மா கருவாடு பொரிப்பாங்க?" என்று அம்மா சிரித்தாள். "உங்களுக்குத்தான் ஒத்துக்காதே?"

"எனக்கோ?" என்றார் மாமி. அம்மாவின் சிரிப்பு நின்றது. "நான் உங்களிட்டக் கேட்டது ஒண்டே ஒண்டுதான். இந்தப் பிள்ளையை மேல அனுப்பச் சொல்லி. மற்றதொண்டும் நான் அறியன்."

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி கறி ஊற்றினாள். பிறகு ஒரு தட்டு நிறையப் போட்டு என்னிடம் கொடுத்து, மேலே ஐயாவுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். பின்னேரம் கழுவிய தட்டு படியில் இருந்தது.

பூட்டு மாறவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா கருவாடு பொரித்து மேலேயும் ஒரு கிண்ணம் அனுப்பினாள். கிராணி ஐயா அதன் பிறகும் படியில் வந்து செருமினார், அப்பாவும் சட்டையைத் தேடினார். ஆனால் வார்த்தை மாறிவிட்டது. "எனக்கு ஒத்துக்கொள்ளுதில்லை" என்றுதான் தொடங்குவார். அப்படிக் கேட்கும்போது அவருக்கே அது அவ்வளவு அவசியமாகத் தோன்றவில்லை போலும், பாதியில் வானத்தைப் பார்த்து, மழை வரும் போல என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவார்.

சில வருடங்கள் கழித்து அப்பா ஆயர் ஈத்தாமிலேயே ஒரு பிளாட் வாங்கினார். யாரும் எங்களை எழுப்பவில்லை, நாங்களாகவே கிளம்பினோம். லோரியில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது நான் மாடிக்குப் போய்ச் சொல்லிக்கொண்டேன். அன்றைய பேப்பர் மாமியின் மடியில் பிரிக்காமல் இருந்தது.

"ஆயர் ஈத்தாமில இருந்து இஞ்சால பஸ் வருமோ பிள்ளை?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் நன்றாகத் தெரிந்த கேள்வி அது. பஸ் பாசாருக்கு முன்னால் நிற்கும், டவுனில் இறங்கி இன்னொன்று மாற வேண்டும், மழைக் காலத்தில் தாமதமாகும் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். மாமி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பஸ் ஏறி எங்கோ போக வேண்டியிருக்கிறது என்றுதான் அன்று நான் நினைத்தேன்.