மூன்று பேர் ஏறி உட்கார்ந்த மீன்தொட்டி ஸ்டாண்ட்

கொரோனா வருவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால், குண்டசாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. அதற்கு முந்தைய வருடம், வத்தேகம பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, என் வலது கையின் மூன்று விரல்கள் மெஷினில் போய்விட்டன. பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம்.

காயம் ஆறிவிட்டது. ஆனால் வீட்டில் யாரும் ஆறவில்லை. நான் குடத்தைத் தொட்டால் என் கணவர் ஓடி வந்து வாங்கிக்கொள்வார். பக்கத்து வீட்டிலேயே குடியிருந்த என் அண்ணன், வீடு கட்டும் மேசன் வேலை முடிந்து வந்ததும் முதலில் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். நான் கத்தியோடு இருந்தால், "வை, வை, அதை வை" என்பார். எல்லாம் அன்புதான். ஆனால் அந்த அன்புக்குள் நான் நாளுக்கு நாள் ஒரு சாமான் மாதிரி ஆகிக்கொண்டிருந்தேன். எங்கே வைத்தார்களோ அங்கேயே இருக்கிற சாமான்.

அந்தச் சமயத்தில்தான், என் கணவரின் ஆட்டோவில் தினமும் போய் வந்த ஒரு டீச்சர் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பினார். போகும்போது நாலடி நீளக் கண்ணாடி மீன்தொட்டி ஒன்றை எங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்த மீன்களை ஒரு பிளாஸ்டிக் பேசினில் விட்டோம். தொட்டியை வைக்கத்தான் இடமில்லை. தண்ணீர் நிரப்பினால் இருநூறு கிலோவுக்கு மேல் கனக்கும், வீட்டிலிருந்த எந்த மேசையும் தாங்காது.

"வெல்டிங் கடையில ஒரு இரும்பு ஸ்டாண்ட் சொல்லிர்றேன்" என்றார் அண்ணன்.

"வேணாம்ணே. நான் மரத்துல செய்றேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அண்ணனும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வைக்காகவே செய்துவிடுவது என்று முடிவு கட்டினேன்.

கணவரோடு வத்தேகமவுக்குப் போய்ப் பலகை வாங்கி வந்தேன். மரக்கடை முதலாளி முஸ்லிம், எல்லோரும் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பேசியதெல்லாம் என் கணவரோடுதான். நான் சும்மா நின்றேன். அளவு எழுதிய தாள் என் கையில் இருந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இடது கையால் மரம் அறுக்கும் வாளைப் பிடிக்கப் பழகவே ஒரு வாரம் போனது. மரத்தைப் பிடிக்க ஆள் வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டி, இன்னொரு முனையில் காலை வைத்து மிதித்துக்கொண்டு அறுத்தேன். பத்து நாளில் ஸ்டாண்ட் எழுந்து நின்றது. கணவரோடு சேர்ந்து தொட்டியை ஏற்றி வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன்.

பாதித் தொட்டி நிறைந்தபோது ஒரு சத்தம் கேட்டது. மரம் முனகுகிற மாதிரி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு கால்களும் ஒரே பக்கமாக, முழங்கால் மடங்குவதுபோலச் சாயத் தொடங்கின. நான் வாளியைப் போட்டுவிட்டு என் தோளைக் கொடுத்து முட்டுக்கொடுத்தேன். வாளி விழுந்த சத்தத்தில் அண்ணனும் கணவரும் ஓடி வந்தார்கள். அண்ணன் ஒரு பக்கம் தாங்க, கணவர் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே கொட்ட, தொட்டி உடையாமல் தப்பியது. நானும் கண்ணாடிக்கு அடியில் போகாமல் தப்பினேன்.

எல்லாம் அடங்கிய பிறகு அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போதும்மா. இருக்கிற விரலையும் போக்கிக்காத."

பயத்தில் சொன்னதுதான். ஆனால் அந்த வார்த்தை என்னை அறைந்தது. நான் அழவில்லை. அவர் போனதும் தரையைத் துடைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஸ்டாண்டை ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றினேன். எங்கே தவறியது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

கழற்றக் கழற்றப் புரிந்தது. நான் அறுத்த இடமெல்லாம் நேராகவே இருந்தது. ஸ்குரூக்கள்தான் வளைந்திருந்தன. மேல் சட்டத்தைக் கால்களின் பக்கவாட்டில் வைத்து முடுக்கியிருந்தேன். அத்தனை பாரமும் மரத்தில் இறங்காமல் ஸ்குரூவில் தொங்கியிருக்கிறது. பத்து விரல் உள்ள ஆள் செய்திருந்தாலும் அது சாய்ந்துதான் இருக்கும்! அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாது. தப்பு என் கையில் இல்லை, என் யோசனையில் இருந்தது. யோசனையைத் திருத்திக்கொள்ளலாம்.

இரண்டு நாள் கழித்து டவுனிலிருந்து பஸ்ஸில் வரும்போது, ஒரு வீட்டு வாசலில் உயரமான கட்டைகளின் மேல் தண்ணீர் டேங்க் நிற்பதைப் பார்த்தேன். எத்தனையோ தடவை கடந்து போன இடம்தான். அடுத்த ஹோல்ட்டில் இறங்கித் திரும்பி நடந்தேன். குறுக்குச் சட்டம் கால்களின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் மூலைக்கு மூலை இரண்டு கட்டைகள் பெருக்கல் குறி மாதிரிப் போயிருந்தன. அந்த வீட்டு அம்மா வெளியே வந்து, என்ன வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டார். டேங்க்கைப் பார்க்கிறேன் என்றேன். அவர் டேங்க்கை ஒரு தடவையும் என்னை ஒரு தடவையும் பார்த்துவிட்டு கேட்டைச் சாத்திக்கொண்டார்.

இந்த முறை மரக்கடைக்குத் தனியாகப் போனேன். முதலாளி என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"யாரும் வரல்ல நானா. நான்தான்" என்றேன்.

அவர் எடுத்துப்போட்ட பலகைகளை ஒவ்வொன்றாக ஒரு முனையைத் தூக்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். இரண்டு லேசாக வளைந்திருந்தன. வேண்டாம் என்று தள்ளி வைத்தேன். அவருக்கு முதலில் கோபம், பிறகு சிரிப்பு. "சரி தங்கச்சி, உள்ள வாங்க. நீங்களே பொறுக்கி எடுங்க" என்று என்னை மரம் அடுக்கியிருந்த இடத்துக்கே கூட்டிப்போனார். என் கையை அவர் பார்த்தார்தான். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அளவை மட்டும்தான்.

வீட்டில் நான்கு கால்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, ஒரே கோட்டில் அறுத்தேன். மேல் சட்டத்தைக் கால்களின் மேலேயே உட்கார வைத்தேன். பின்னால் மூலைக்கு மூலை கட்டை கொடுத்தேன். அண்ணன் தினமும் எட்டிப் பார்த்தார், நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டு வாரம் பேச்சே இல்லை.

முடிந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. நானே போய் அவரைக் கூப்பிட்டேன். வரும்போதே மேசன் பையிலிருந்து மட்டம் பார்க்கும் லெவலை எடுத்துக்கொண்டு வந்தார். நீளத்தில் வைத்தார், அகலத்தில் வைத்தார், குனிந்து குமிழைப் பார்த்தார்.

"இந்த மூலையில அரை நூல் எறங்கியிருக்கு."

"தெரியும். அதுக்குத்தான் தொட்டிக்கு அடியில மெத்தை மாதிரி ரெஜிபோம் அட்டை போடப்போறேன். இப்ப ஏறி உட்காருங்க."

"என்னது?"

"ஏறி உட்காருங்கண்ணே. ஏங்க, நீங்களும்."

கணவர் உடனே ஏறிவிட்டார். அண்ணன் நல்ல கனமான மனிதர், தயங்கினார். "ஒடஞ்சா நான் விழுவேன்டி" என்றார். "விழுந்தா நானும் விழுவேன்" என்று சொல்லி நடுவில் நான் ஏறி உட்கார்ந்தேன். கடைசியில் அவரும் உட்கார்ந்தார். மூன்று பேரும் கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. "ஆட்டிப் பாருங்க" என்றேன். அண்ணன் ஒரு பக்கமாகச் சாய்ந்தார், மறுபக்கம் சாய்ந்தார். பிறகு வேண்டுமென்றே ஒரு குதி குதித்தார். முனகல்கூட இல்லை. இறங்கி, ரெஜிபோமை விரித்துத் தொட்டியை ஏற்றி வைத்ததும், அண்ணன் போய் முதல் வாளித் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். விபத்துக்குப் பிறகு அவர் என் கையில் கொடுத்த முதல் பாரம் அதுதான்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணனின் வேலைத்தள நண்பர் ஒருவர் வந்திருந்தார். அண்ணன் பெருமையாக, "என் தங்கச்சி செஞ்சது. மூணு விரல் இல்லாமலே செஞ்சிருக்கா பாருங்க" என்றார். நான் அடுப்படியிலிருந்து வந்து, "விரலப் பத்தி ஏன்ணே பேசுறீங்க? ஸ்டாண்டப் பத்திப் பேசுங்க" என்றேன். அந்த நண்பர் குனிந்து பின்பக்கக் கட்டைகளைப் பார்த்துவிட்டு, "நல்ல வேலை" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இன்றைக்கும் யாராவது பாவம் என்று என் கையிலிருப்பதை வாங்க வந்தால் கொடுப்பதில்லை. நான் தோற்றால் என் வேலையில் தோற்றதாக இருக்கட்டும், ஜெயித்தாலும் என் வேலையில் ஜெயித்ததாகவே இருக்கட்டும் என்ற பிடிவாதத்தை அந்த ஸ்டாண்டைச் செய்தபோதுதான் பெற்றேன், அதை இனி யாருக்காகவும் விடுவதாக இல்லை.