வெறுங்கையால் பிடித்த நூல்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மல்லேஸ்வரம் மைதானம் ஒன்றில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் காத்தாடித் திருவிழா நடந்தது. போட்டியில் கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா கூடாது, வெறும் பருத்தி நூல்தான் என்பது விதி. சனிக்கிழமை என் காத்தாடி மூன்று முறை அறுபட்டது. மறுநாள், எனக்கு நூல் உருளை பிடிக்க வரும் மனைவிக்கும் சொல்லாமல், அதில் மாஞ்சாவைச் சுற்றி எடுத்துப்போனேன். என் விரலில் மட்டும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன்.

"விரல்ல என்னங்க?" என்றாள்.

"காய் நறுக்கறப்போ பட்டுடுச்சு."

"எந்த வீட்ல நறுக்கினீங்க?" என்று சிரித்தபடி உருளையைப் பிடித்தாள்.

அவளுக்கும் ஒட்டிவிட்டிருக்கலாம். விஷயம் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

கடைசிச் சுற்றில் காற்று வேகமெடுத்து நூல் ஓடியது. பருத்தி நூல்தானே என்று அவள் வெறுங்கையால் இறுக்கிப் பிடித்தாள். இரண்டு விரல்களில் ஆழமாக வெட்டியது. அதே நேரத்தில் எதிராளியின் காத்தாடியும் அறுந்து போனது.

நடுவர் ஓடிவந்து, கையில் என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் ரத்தம் படிந்த நூலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"வளையல் உடைஞ்சு கிழிச்சிடுச்சு சார்" என்றாள்.

நான் கோப்பையை வாங்கிக்கொண்டேன். அந்த விரல்கள் பிறகு சரியாக மடங்கவே இல்லை. அவள் இறக்கும்வரை நான்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.