கதவைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

போன வாரத்து மழையில் எங்கள் வீட்டுப் பின்கதவு ஊதிக்கொண்டு நிலையோடு ஒட்டிப்போனது. ஆசாரி வந்து அதைக் கழற்றிச் சாய்த்து வைத்து இழைப்புளியை ஓட்ட ஆரம்பித்தார். சுருள் சுருளாக மரச்சீவல் விழுந்தது. நனைந்த வேப்ப மரத்தின் கசந்த வாசனை அடுப்படி வரைக்கும் வந்தது. "நானும் ஒரு பக்கம் புடிக்கட்டுங்களா?" என்று கேட்டேன். "நீங்க எதுக்குங்கம்மா, உள்ள போங்க. நான் பாத்துக்கறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நானும் மரியாதையாக உள்ளே போய் அவருக்கு டீ வைத்தேன். ஆனால் பால் பொங்குவதற்குள் மனசு எங்கேயோ போய்விட்டது. நானும் ஒரு காலத்தில் கதவு கழற்றியவள்தான். சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், கல்யாணத்துக்கு முன்னால், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தேன். சொந்த ஊர் குண்டடம் பக்கம். கம்பெனிக்குப் பின்னாலிருந்த சந்தில், வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்றில், ஸ்டெல்லாக்காவோடு தங்கியிருந்தேன். அவர் பனியன் ஓரம் தைக்கிற பிளாட்லாக் மெஷின் ஓட்டுகிற டெய்லர். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். கல்யாணமான சில மாதங்களிலேயே அவருடைய கணவர் ரூபன் அண்ணன் சவுதிக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். பிழைப்புக்கு இவர் இங்கே வந்துவிட்டார். ஒரு அறை, ஒரு துண்டு அடுப்படி, தலைக்கு மேல் சிமெண்ட் சீட்டு. வெயில் காலத்தில் அந்த வீட்டுக்குள் அப்பளத்தை வைத்தால் தானே பொரிந்துவிடும் என்று அக்கா சொல்வார்.

அவர் என்னை "ஏட்டி" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டியைக்கூட 'வாங்க, போங்க' என்று சொல்கிற வழக்கம். முதல் வாரம் முழுக்க அக்காவுக்கு என் மேல் ஏதோ கோபம் என்றே நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். பிறகு அந்த 'ஏட்டி' இல்லாமல் பேசினால்தான் பயம் வந்தது.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் சவுதியிலிருந்து போன். ரூபன் அண்ணன் அந்த வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்புகிறார், திருப்பூரிலேயே அக்காவோடு இருக்கப்போகிறார். அக்கா அன்று மெஷினில் உட்கார்ந்தபடியே அழுதார். சூப்பர்வைசர் பதறிப்போய், "ஏனுங்க்கா, ஊசி ஏறிருச்சுங்களா?" என்று ஓடி வந்தார்.

அண்ணன் வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்த அக்கா, முக்காடாகப் போட்டிருந்த துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"ஏட்டி, இது மனுசன் இருக்குத வீடா? அவிய வந்து பாத்தா என்ன நெனப்பாவ?"

"இத்தனை நாளு நாம மனுசங்க இல்லீங்களாக்கா?" என்றேன்.

"நாம பொம்பளைங்கட்டி. எங்கயும் கெடப்போம்."

கம்பெனி மெக்கானிக்கிடம் முந்தின நாளே கெஞ்சி ஒரு சுத்தியலும் ஸ்க்ரூ டிரைவரும் வாங்கி வைத்திருந்தார். முதலில் குழாய். ஒழுகுகிற இடத்தில் பனியன் துணியைக் கிழித்துச் சுற்றி, அதற்கு மேல் சைக்கிள் டியூபை இறுக்கிக் கட்டினோம். ஒழுகல் நின்றது. குழாயைத் திறந்தால் வர வேண்டிய தண்ணீரும் பாதி நின்றது. அப்புறம் அடுப்படிச் சுவருக்குச் சுண்ணாம்பு. வெளுப்புக்காக அதில் கலந்த நீலம் கொஞ்சம் கூடிப்போய், சுவர் வானம் மாதிரி ஆகிவிட்டது. அடுத்தது சாமான் வைக்கிற பலகை. அந்தச் சுவரில் ஆணி நிற்காது, அடிக்க அடிக்கக் காரைதான் கொட்டும். மரத்துண்டை ஆப்பாகச் சீவி அடித்து, அதில் ஆணியை இறக்கி, எப்படியோ பலகையை மாட்டினோம். தக்காளியை வைத்தோம். அது நிதானமாக உருண்டு ஓரத்துக்குப் போய்க் கீழே விழுந்தது. இரண்டு பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. கடைசியில் உருளாத சாமான்களை மட்டும் அதில் வைப்பது என்று முடிவு செய்தோம்.

பிறகுதான் கதவு. அடிப்பாகம் தண்ணீர் குடித்துப் பெருத்துப்போய், திறக்கும்போதெல்லாம் தரையில் உராய்ந்து கத்தும். கழற்றிச் சீவினால்தான் ஆகும். கீல் திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. தையல் மெஷின் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டுக் கழற்றினோம். கடைசித் திருகாணி வந்ததும் கதவு எங்கள் இரண்டு பேர் மேலும் சாய்ந்தது. அதைத் தாங்கிப் பிடித்து வாசலில் படுக்க வைத்தோம். இழைப்புளிக்கு எங்கே போவது? இரும்பு அறுக்கிற உடைந்த ஆக்சா பிளேடில் துணியைச் சுற்றிப் பிடியாக்கி, மாற்றி மாற்றிச் சுரண்டினோம். வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர், கதவில்லாத வாசலையும் எங்களையும் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, ஊட்டை அப்படியே கழட்டிக் கொண்டுட்டுப் போறாப்லீங்களா?"

"கதவு மட்டுந்தானுங்க இன்னைக்கு. மிச்சத்த அடுத்த வாரம் எடுத்துக்கறமுங்க" என்றேன். என் வாயிலிருந்து அப்படியொரு பேச்சு வந்ததை அக்காவால் நம்ப முடியவில்லை. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வாடகையைக்கூட மறந்து போய்விட்டார்.

மத்தியானம் அந்தக் கதவு மேலேயே உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பெனிச் சத்தமில்லை. இஸ்திரிப் பெட்டியின் ஆவி வாசனையும் இல்லை. கதவில்லாத வீடு பின்சுவர் வரைக்கும் வெளிச்சமாகத் தெரிந்தது. அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே திடீரென்று கேட்டார்.

"நீ எங்கட்டி போவ?"

இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். ஒற்றை அறை வீட்டில் புருஷன் பெண்சாதிக்கு நடுவில் நான் எங்கே இருப்பது? போன் வந்த நாளிலிருந்தே தெரியும். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

"லேடீஸ் ஆஸ்டல்ல சொல்லி வெச்சுட்டேனுங்க்கா. பக்கந்தானுங்க. ஞாயித்துக்கிழமையானா இங்கதான் வந்து சாப்புடுவேன்."

"வராம இருந்துருவியோ?" என்று சொல்லிவிட்டு, என் தட்டில் ஊறுகாயை எடுத்து வைத்தார். நான் வெளியேறப் போகிற வீட்டைத்தான் காலையிலிருந்து இவ்வளவு ஆசையாகச் சரிபண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் பாருங்கள், சாப்பிட்டு எழுந்ததும் பிளேடை முதலில் கையில் எடுத்தது நான்தான்.

கழற்றுவது சுலபம், மாட்டுவதுதான் பாடு. தூக்கிப் பிடித்தால் கீல் சேராது, கீல் சேர்ந்தால் திருகாணி நழுவும். செங்கல் ஒன்றின் மேல் வேறொரு பலகையைக் குறுக்கே போட்டு, அதன் ஒரு நுனியில் கதவை நிறுத்தி, மறு நுனியை அக்கா காலால் அழுத்தினார். கதவு மெல்ல எழும்பி வந்தது. "நாங்க கடல்ல வள்ளம் தள்ளுத ஆளுவ கேட்டியா. ம், முறுக்கு!" என்றார். நான் முறுக்கினேன். பொழுது சாய்கிற நேரத்துக்குக் கதவு நின்றது. சத்தமில்லாமல் மூடியது. முழுக்க இல்லை, மேலே ஒரு விரல் சந்து இருந்தது. அதை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்துகொண்டோம்.

கடைசியாக அக்கா தன் ரகசியத்தை எடுத்தார். நூல் சுற்றி வருகிற பிளாஸ்டிக் கோன், உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அது. சாயப்பட்டறையிலிருந்து வருகிற நூலுக்கு அந்த மாதிரிக் கோன்தான். கம்பெனியில் தூக்கிப்போட்டதில் சிலதைப் பொறுக்கி, கழுவி, ஒன்றோடு ஒன்று கட்டி, உள்ளே ஜீரோ வாட் பல்பை விட்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு சுவிட்சைப் போட்டார். புதுச் சுண்ணாம்புச் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக வெளிச்சம்.

"ராத்திரி எங்க ஊர்க் கரையில நின்னா, தூரத்துல வள்ளத்து லைட்டெல்லாம் இப்படித்தாம்டி தெரியும்" என்றார். நான் அதுவரைக்கும் கடலைப் பார்த்ததில்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனையில், அந்த வீட்டில் வைத்துத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அண்ணன் வந்தார். நான் ஆஸ்டலுக்குப் போனேன். புது ஆஸ்டலில் ஒன்றிரண்டு ஞாயிறு வெளியே விடவில்லை. அதன் பிறகு போனபோது வாசலிலேயே திகைத்துப் போனேன். கதவு புதுப் பெயிண்டோடு, சந்தில்லாமல், ஒரு விரலால் தள்ளினால் மூடுகிற மாதிரி இருந்தது. புதுக் குழாய். சமமாக நின்ற பலகையில் தக்காளி அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தது. வெள்ளை வெளேரென்று சுவர். நடுவீட்டில் டியூப்லைட்.

"நீங்க ரெண்டு பேரும் பண்ணி வெச்சிருந்த கூத்தைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சேன் தங்கச்சி" என்றார் ரூபன் அண்ணன். நல்ல மனிதர். எனக்கென்று மீன் வாங்கி வந்து, முள் குறைவான துண்டாகப் பார்த்துப் போடச் சொன்னார். வேலையும் சுத்தமாகச் செய்திருந்தார். கோபப்பட அங்கே ஒன்றுமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

கை கழுவப் போனபோது அக்கா பின்னாலேயே வந்தார். "அவிய கை சும்மா இருக்காதுட்டி" என்றார். துண்டை என்னிடம் நீட்டிக்கொண்டே, "அந்த லைட்ட மட்டும் விட்டுவைங்கன்னேன். கரண்டுக்குக் கேடுன்னு கழத்திட்டாவ" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு போனேன், போகவில்லை என்று சொல்ல முடியாது. வாராவாரம் என்பது மாதத்துக்கொரு தரமானது. அப்புறம் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும் என்று சுருங்கியது. எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். வெளிநாட்டு ஆர்டர் படுத்துப்போன வருஷத்தில் எங்கள் கம்பெனியில் பாதி மெஷின்களுக்கு உறை போட்டு மூடினார்கள். அண்ணனுக்கும் இங்கே கட்டட வேலை சரியாக அமையவில்லை. ஊருக்கே போய்விடுவதென்று முடிவு செய்து, சொல்லிக்கொள்ள அக்கா ஆஸ்டலுக்கு வந்திருக்கிறார். அன்றைக்கு நான் உடுமலைப்பேட்டையில் சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ரொம்ப நேரம் நின்றிருந்துவிட்டுப் போனதாக வாட்ச்மேன் சொன்னார்.

அந்த லைன் வீடுகள் இப்போது இல்லை. கம்பெனி வேன்கள் நிறுத்துகிற இடமாகிவிட்டது. கல்யாணமாகி வந்த பிறகு என் கையில் யாரும் சுத்தியல் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அக்கா அப்போது வைத்திருந்த செல் நம்பர் மட்டும் இன்னும் மனப்பாடம். ஆசாரி போன பிறகு, என்ன தோன்றியதோ, அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தேன். மணி அடித்தது. யாரோ ஒரு பையன் எடுத்து, "கௌன்?" என்று இந்தியில் யாரென்று கேட்டான். அவனுக்குப் பின்னால் பிளாட்லாக் மெஷின்கள் ஓடுகிற சத்தம். திருப்பூரில்தான் எங்கேயோ இருக்கிறான். அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் மறுபடியும் "கௌன்?" என்றான்.

"ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.