பத்து நொடிக்கு இருபத்தெட்டு

என் மனைவியைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. எங்கள் கார் பட்டறையில் அவளுக்கு ஸ்பானர். எனக்கு போன், டீ, வருகிறவர்களிடம் வாயாடுவது. "பதினோரு வருஷம் முன்னாடி என் சொந்த வண்டியோட ரோட்டரி எஞ்சினைத் தனியாளாப் பிரிச்சு மாட்டினவங்க இவங்க. செத்த எஞ்சின், இன்னைக்கும் ஓடுது" என்று ஆரம்பிப்பேன். உடனே அவள் ஏதாவது போல்ட்டைத் தேடிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

வாடிக்கையாளர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'இன்னொரு தடவை'. எதையும் ஒரு தடவை அளந்து அவள் நம்பியதில்லை. என் பொறுமையை மட்டும் தினமும் அளப்பாள்.

அன்று காலை எட்டு மணிக்கு ஒரு கால்நடை டாக்டர் வந்தார். நாய், பூனை, கிளி என்று வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்ப்பவர். போன வருடம் இறந்த அவருடைய அண்ணன் விட்டுப்போன ரோட்டரி கார் அது. காலையில் சாவியைத் தொட்டாலே கிளம்பும். ஒரு வீட்டில் இருபது நிமிடம் இருந்துவிட்டு வந்தால், சூட்டில் கிளம்பவே கிளம்பாது. நாய்க்கு ஊசி போட்ட வீட்டுக்காரர்களே வண்டியையும் தள்ளி அலுத்துப்போனார்கள்.

ரோட்டரி எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள் உள்ளே சுழலும். அவற்றின் முனைகளில் மெல்லிய பட்டைகள் இருக்கும், சீல் என்போம். அவை தேய்ந்தால் அழுத்தம் கசியும், சூட்டில் வண்டி கிளம்பாது. இரண்டு பட்டறைகளில் அழுத்தத்தை அளந்துவிட்டு, எஞ்சின் போச்சு என்று கைவிரித்திருந்தார்கள். புதிதாகக் கட்ட அவருக்கு வசதியில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு உதிரிபாக வியாபாரி வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

"அதுக்குள்ள நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்கம்மா. பார்க்காம வித்துட்டேன்னு மனசு உறுத்தக்கூடாது" என்றார்.

அவள் பிளக்கைக் கழற்றி, எஞ்சினைச் சுழலவிட்டு, அந்தத் துளை வழியாக வரும் 'புஸ்' சத்தத்தை எண்ணினாள். பத்து நொடிக்கு நாற்பத்திரண்டு. எண்ணிக்கையைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு, "வழக்கமா போற வீடுங்களுக்கே போகலாம் டாக்டர்" என்றாள்.

"இங்கேயே பார்க்கக்கூடாதா?"

"காய்ச்சல் இல்லாதப்ப நீங்க மருந்து குடுப்பீங்களா?"

மூன்றாவது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இருபது நிமிடம் காத்திருந்தோம். சாவியைத் திருப்பினாள். வண்டி முனகியதே தவிரக் கிளம்பவில்லை. தெருவிலேயே அழுத்தத்தை அளந்தாள். குறைவுதான். கதை முடிந்தது என்று நான் வாயைத் திறப்பதற்குள் "இன்னொரு தடவை" என்று ஸ்டாப்வாட்ச்சை என் கையில் திணித்தாள். இந்தத் தடவை 'புஸ்' பத்து நொடிக்கு இருபத்தெட்டுதான்; உள்ளங்கையில் இருந்தது நாற்பத்திரண்டு.

"எஞ்சின் மெதுவாச் சுத்துது. மெதுவாச் சுத்தினா நல்ல எஞ்சினும் குறைவாத்தான் காட்டும். சூடானதும், எஞ்சினைச் சுத்திவிடற ஸ்டார்டர் மோட்டார் சோர்ந்துபோகுது."

தெருக்காரர்கள் தள்ளிவிட, பட்டறைக்குத் திரும்பினோம். டாக்டர் நம்பவில்லை. "மூணு இடத்துல அளந்தாச்சும்மா, மூணு தடவையும் குறைவு. சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க. அந்த வியாபாரியை இப்பவே வரச் சொல்லிடறேன்" என்று போனை எடுத்தார்.

அவள் ஸ்டூல் போட்டு ஏறி, மேல் அலமாரியின் மூலையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். உள்ளே துணியில் சுற்றிய ஆறு சீல்கள்.

"இது இவரு வண்டியோடது. நானும் அன்னைக்கு வெறும் நம்பரை நம்பித்தான் பிரிச்சேன். பாருங்க, தேய்மானமே இல்ல. நல்லா இருந்த எஞ்சின். திரும்ப மாட்டும்போது ஸ்டார்டரும் பழசாச்சேன்னு மாத்தினேன். அதனாலதான் ஓடுது. உங்களுதையும் வெறும் நம்பரை நம்பி விட்டுட மனசு வரல. ரெண்டு மணி நேரம் குடுங்க டாக்டர்."

அந்த எஞ்சினுக்காக ஒரு வருடம் பஸ்ஸில் போனவன் நான். டாக்டர் ஒரு சீல் பட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அலமாரியில் இருந்த வேறொரு ஸ்டார்டரைப் பொருத்தினாள். மறுபடி அதே தெருக்கள், அதே மூன்றாவது வீடு, அதே இருபது நிமிடம். சாவியை டாக்டரிடமே கொடுத்தாள். தொட்டதும் கிளம்பியது. அவர் நாயைத் தட்டிக்கொடுப்பதுபோல ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தார். "இன்னொரு தடவை" என்றாள் அவள். அணைத்துவிட்டுத் திருப்பினார். அப்போதும் கிளம்பியது. ஐந்து மணிக்கு வந்த வியாபாரி, வந்த வழியே திரும்பிப் போனார்.

ஷட்டரை இறக்கும்போது கேட்டேன். "பதினோரு வருஷம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீங்க எதிர்க்கடைக்காரர்கிட்ட என்னைப் பத்திப் பெருமையா சொல்லிட்டு இருந்தீங்க. அதுக்கப்புறம் வாய் வரல. அதான் எதுலயும் ரெண்டு தடவை அளக்கறேன்."

கோபம் வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். வீடு போய்ச் சேரும்வரைகூட அது நீடிக்கவில்லை. யாரும் கேட்காத ஒரு தப்பை, யாரோ ஒருவர் வண்டிக்காகத் தானே இறக்கி வைத்தவளிடம் எப்படிக் கோபப்படுவது?

மறுநாள் அந்த டப்பாவை என் மேசைமேல் வைத்தேன். முதலில் வந்தவரிடம் ஆரம்பித்தேன். "பதினோரு வருஷம் முன்னாடி, நல்லா இருந்த என் எஞ்சினைத் தேவையே இல்லாமப் பிரிச்சவங்க இவங்க."

அவள் போல்ட் தேடப் போகவில்லை. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே நின்று முழுக் கதையையும் கேட்டாள்.