கன்று எனக்கு, தாய் உனக்கு

வேதகிரியின் கொட்டகையிலிருந்து அந்தக் கிடாரிக் கன்றை ஆண்டாளம்மாள் ஓட்டிவந்த அன்று, காற்றடித்தால் அது பறந்துபோய் ஏரியில் விழும் என்று திருப்புலிவனமே சிரித்தது. அதன் விலா எலும்பைப் பஸ்ஸில் போகிறவர்கள்கூட எண்ணிவிடலாம். மாடு உள்ளவர் கன்றைக் கொடுப்பார், இல்லாதவர் வளர்ப்பார், ஈன்ற பிறகு பங்கு. இதற்கு வாரத்துக்கு விடுவது என்று பேர்.

“ஆண்டாளு, முதல் ஈத்துல கெடேரியோ காளையோ, கன்னு எனக்கு. தாய் உனுக்கு. இன்னா சொல்ற?” என்றார் வேதகிரி.

“சரிங்க ஐயா.”

அவ்வளவுதான் பேச்சு. பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த புருஷோத்தமன், “நல்ல பேச்சுங்க” என்று சொல்லிவிட்டுத் துப்பினான். சபை நடத்தும் விதிகளைக்கூடக் கல்லில் வெட்டி வைத்த உத்திரமேரூர் கூப்பிடு தூரம்தான். இந்தப் பேச்சோ வெற்றிலைச் சாறோடு மண்ணுக்குள் போயிற்று.

ஆண்டாளம்மாள் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ள ஊரில் இருந்தது அவள் நிழல் ஒன்று, அதுவும் உச்சி வெயிலில் கைவிட்டுவிடும். ஏரிக்கரைப் புல்லும் தன் கஞ்சியில் பாதியும் கன்றுக்குப் போட்டாள். அவள் முந்தானையைத் தின்றே அது பாதி வளர்ந்தது என்பார்கள். செவலை என்று கூப்பிட்டால், தெருமுனையிலிருந்தே பதில் சொல்லும்.

செவலை சினையாக இருந்தபோது வேதகிரி செத்துப்போனார். அது கிடாரி ஈன்றதும், யாரும் கேட்காமலே கன்றைக் கொடுக்கக் கிளம்பினாள் ஆண்டாளம்மாள். வேதகிரியின் மகன் மோகன்குமாரிடம் தாயையும் சேர்த்தே ஓட்டிப்போனாள்.

“கன்னு பால் மறக்கிற வரைக்கும் தாயும் இங்கயே இருக்கட்டும் தம்பி. நானே வந்து புல்லு போட்டுக் கறந்துக்கினு போறேன். அப்பால ஓட்டிக்கிறேன்.”

அவன் தலையாட்டினான். கொஞ்ச நாள் கழித்து, அவள் பாலோடு கிளம்பும்போது வழியை மறித்தான்.

“யார் வூட்டு மாட்டுப் பால் அது?”

“என்னுதுங்க தம்பி. ஐயா சொன்னாரே.”

“எங்க நைனா சொன்னாருன்னா நைனாவையே போய்க் கேளு. நீயாதான ஓட்டியாந்து கட்டின? எவனாவது தன் மாட்ட அடுத்தவன் கொட்டாயில கட்டுவானா?”

உத்திரமேரூர் கோர்ட்டு வாசலில் வக்கீல் தமிழ்ச்செல்வி முழுக்கதையையும் கேட்டார்.

“அவர் ‘வளர்த்துக் குடு, தாய் உனக்கு’ன்னது முன்மொழிவு. நீங்க சரின்னது ஏற்பு. தாய்க்குப் பதிலா நீங்க வளர்த்ததும், கன்னக் குடுத்ததும் மறுபயன். ரெண்டு பேரும் வயசுக்கு வந்தவங்க, புத்தி தெளிஞ்சவங்க. யாரும் யாரையும் மிரட்டல. வாய்ப்பேச்சா இருந்தாலும் ஒப்பந்தம்தாம்மா. அப்பா செத்தாலும், அவர் சொத்து வந்து சேர்ந்த மகனையும் அது கட்டுப்படுத்தும்.”

ஆண்டாளம்மாள் முகம் மலர்ந்தது.

“அப்போ மாடு என்னுதா?”

“சட்டத்துல உங்களுது. ஆனா கோர்ட்டுல காட்டணுமே. தாயை ஏம்மா அங்க கட்டினீங்க?”

“கன்னு பால் குடிக்க வேணாமா?”

தமிழ்ச்செல்வி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சாட்சி யாரு?” என்றார்.

புருஷோத்தமன் இப்போது மோகன்குமாரின் டிராக்டர் ஓட்டுகிறான். ஆண்டாளம்மாள் வந்து கேட்டதும் சக்கரத்தைக் குனிந்து பார்த்தான்.

“அன்னிக்கு எனக்குக் காது அடைச்சிக்கினு இருந்திச்சி யக்கா. எம் புள்ளைங்க சோறு இந்த வண்டியிலதான் கீது.”

“காது அடைச்சிதா? வாய் நல்லாத்தான் மென்னுக்கினு இருந்திச்சி.”

அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அவள் திரும்பிப்போய்ச் சொன்னதைக் கேட்டு வக்கீல் சொன்னார்.

“சாட்சி இல்லாம கேஸ் இழுக்கும்மா, தீர்ப்பு வர்றதுக்குள்ள மாடு கிழமாயிடும். இருந்தாலும் நோட்டீஸ் அனுப்பிப் பாப்போம். ஒண்ணு மட்டும் கேளுங்க. மோகன்குமார் கையால கூலின்னு எதையும் வாங்காதீங்க. அவர் மாட்டை நீங்க பாத்துக்கிறதா ஆயிடும். யாரும் மிரட்டாம நீங்களா சம்மதிச்சா, அதுவும் ஒப்பந்தம்தான்.”

இதற்குள் செவலை தன் நோட்டீஸை அனுப்பிவிட்டது. ஆண்டாளம்மாளை விரட்டிவிட்டு மோகன்குமார் கறக்க வைத்த ஆளை அது உதைத்த உதையில் அவன் வைக்கோல் போரில் கிடந்தான். சொம்பு பழையசீவரம் மலையைத் தாண்டியிருக்க வேண்டும், இன்னும் அகப்படவில்லை. கன்று ஒரு காம்பைத்தான் குடித்தது. மற்ற மூன்றிலும் பால் கட்டி, மடி கல்லாய் இறுகிற்று. அதன் கத்தல் ராத்திரி பகல் இல்லாமல் ஆண்டாளம்மாள் குடிசை வரைக்கும் வந்தது. காதில் துணியை அடைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு எழுந்து நடந்தாள்.

மோகன்குமார் கொட்டகை வாசலில் நின்றான். குரலை உயர்த்தக்கூட இல்லை.

“வந்துட்டியா? வேளா வேளைக்கு வந்து கறந்து குடு. கூலியா ஒரு சொம்பு பால் எடுத்துக்கோ. என் மாட்டுக்கு நீதான் ஆளு. சம்மதம்னா உள்ள போ, இல்லன்னா வூட்டுக்குப் போ. உன்ன யாரும் கட்டாயப்படுத்தல. டேய் புருஷோத்தமா, நீ சாட்சி.”

உள்ளே செவலை அவள் வாடையைப் பிடித்துவிட்டது. கயிறு அறும்படி இழுத்துக் கத்தியது.

“சரிங்க தம்பி” என்றாள் ஆண்டாளம்மாள்.

“கேட்டுச்சாடா?” என்றான் மோகன்குமார்.

“நல்லாக் கேட்டுச்சிங்க” என்றான் புருஷோத்தமன்.

அவள் குந்தி உட்கார்ந்து, வெந்நீரில் நனைத்த துணியால் மடியை ஒற்றினாள். முதல் பீச்சில் ரத்தம்தான் வந்தது.