அக்கா வண்டிக்குப் போட்ட கேம் ஷாஃப்ட்

வீட்டில் எல்லோரும் அவனை இன்ஜினியர் என்றுதான் கூப்பிட்டார்கள். பாதி பெருமை, பாதி கிண்டல். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன். ஃபிரிட்ஜ் உறுமினாலும் அவனைக் கேட்பார்கள், மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்றும் அவனைத்தான் கேட்பார்கள். ஒருமுறை "தெரியாது" என்று சொல்லிப் பார்த்தான். "அப்ப நாலு வருஷம் என்னத்தப் படிச்சே?" என்றாள் அம்மா. அதோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டான்.

படிப்பு முடிந்ததும் ஓர் அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் மூச்சு முட்டியது. உதறிவிட்டு வந்து, ஒரு லாரி ஷெட்டின் ஓரத்தில் இடம் பிடித்து மோட்டார் சைக்கிள் பட்டறை போட்டான். வேலை சுத்தம் என்று பெயர் வந்தது. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் பிரேக் கட்டையும் ஆயிலும் மாற்ற வருகிறவர்கள். ஒரு இன்ஜினைப் பிரித்து, அது முன்பு ஓடியதைவிட வேகமாக ஓடும்படி செய்ய வேண்டும் என்ற அவன் ஆசை ஆசையாகவே கிடந்தது.

அக்கா அவனைவிட ஆறு வயது மூத்தவள். மேட்டின் உச்சியில் இருக்கும் விடுதிக்குப் படுக்கை விரிப்புகள் வெளுத்துக் கொடுப்பது அவளுக்கும் மாமாவுக்கும் தொழில். துவைப்பதும் இஸ்திரி போடுவதும் மாமா. வண்டி அக்கா கையில். பின் சீட்டில் இரண்டு மூட்டைகளை ரப்பர் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு தினமும் காலையில் மேடேறுவாள். பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூடக் கால் ஊன்றியதில்லை என்பது அவள் அடித்துக்கொள்ளும் தம்பட்டம்.

ஒரு நாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"டேய் இன்ஜினியர், உள்ள யாரோ கதவத் தட்டற மாதிரி சத்தம் வருது. மேட்டுல வேற முக்குது. என்னன்னு பாரு."

பிரித்துப் பார்த்தான். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டில், முட்டை வடிவ மேடுகள் இரண்டும் தேய்ந்து முகம் சப்பையாகியிருந்தன. மாற்றியே ஆக வேண்டும்.

பார்ட்ஸ் கடைக்காரர் கவுண்டரில் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று, கம்பெனியில் வந்தது போலவே. இரண்டாவதில் மேடு கொஞ்சம் உயரம். வால்வு இன்னும் நன்றாகத் திறக்கும், குறைந்த வேகத்திலேயே இழுவை கூடும். மூன்றாவது, வால்வை நெடுநேரம் திறந்தே வைத்திருக்கும் ரகம். இன்ஜின் வெறிபிடித்துச் சுற்றும்போது அது அள்ளிக் கொடுக்கும். மெதுவாகச் சுற்றும்போது உள்ளே இழுத்த காற்றில் பாதியை வெளியே துப்பிவிடும்.

அக்கா வண்டிக்கு இரண்டாவதுதான் என்று அவனுக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் கை மூன்றாவது பெட்டிக்குப் போனது.

"யாரு ஓட்டற வண்டிப்பா?" என்றார் கடைக்காரர்.

"என்னோடதுதாண்ணே."

"பின்னாடி சுமை ஏத்துவியா?"

"இல்லண்ணே."

"மேடு?"

"எப்பவாச்சும்."

"அப்ப எடுத்துக்க. இது பந்தயக் குதிரை. மூட்டை தூக்கற கழுதைக்குப் போட்டுட்டு அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

அவனும் சேர்ந்து சிரித்தான்.

மாட்டி முடித்ததும் பைபாஸ் சாலையில் தனியாக ஓட்டிப் பார்த்தான். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஏழாயிரத்தைத் தாண்டியதும் அந்தக் கிழட்டு இன்ஜின் குரலை உயர்த்திப் பாடத் தொடங்கியது. அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த நிமிடம் அது யார் வண்டி என்பதே மறந்துபோனது.

இரண்டு நாள் கழித்து அக்கா போன் செய்தாள். "மெதுவாப் போனா பொசுக்குன்னு அணைஞ்சிடுதுடா."

"பழைய பழக்கத்துலயே ஓட்டினா அப்படித்தான். ஆக்ஸிலேட்டர நல்லா முறுக்கி எடு அக்கா. வண்டி இப்ப வேற வண்டி."

"ஓ... சரிடா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போனை வைத்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தான். உண்மையைச் சொல்ல அதுவே நல்ல நேரமாக இருந்தது. சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து மாமா, வளைந்த கிளட்ச் லீவர் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு நடந்தே வந்தார்.

"மச்சான், இத நிமித்த முடியுமா, புதுசா வாங்கணுமா?"

"எப்படி மாமா வளைஞ்சது?"

"நான் சொன்னேன்னு சொல்லிடாத. மேட்டுப் பாதியில வண்டி அணைஞ்சு, பின்னால உருண்டு, ஆளும் விழுந்து மூட்டையும் விழுந்துச்சு. அத்தனை விரிப்பும் சேறு. ராத்திரி பகலா மறுபடி துவைச்சோம். இப்பல்லாம் மேட்டுப் பக்கமே போறதில்ல. ஊரச் சுத்திப் பின்பக்க ரோட்டுல போறா. அரை மணி முன்னாடியே கிளம்பிடறா."

"என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?"

"நானும் சொன்னேன், தம்பிகிட்டக் காட்டுன்னு. 'அவன் நல்ல சாமானாத்தான் போட்டிருக்கான், எனக்குத்தான் கை போயிடுச்சு, வயசாகுதுல்ல'ங்கறா. வயசா! முப்பத்தஞ்சுகூட முடியல. நேத்துப் பாரு, மைதானத்துல காலி வண்டிய வெச்சுக்கிட்டுப் புதுசா கத்துக்கற பொண்ணு மாதிரி வட்டம் போட்டுக்கிட்டிருந்தா."

லீவரை வாங்கி வைத்துக்கொண்டான். விழுந்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த வட்டத்தைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று மாலையே போனான். அக்கா விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையை அவனிடம் நீட்டினாள். இருவரும் இழுத்துப் பிடித்து, கிட்டே வந்து, விலகி, நான்காக மடித்தார்கள். மூன்றாவது விரிப்பில் சொன்னான்.

"அக்கா, வண்டிக்குத் தப்பான கேம் போட்டுட்டேன்."

"தெரியாம போட்டியா?"

"தெரிஞ்சுதான்."

அவள் கை நின்றது. "அப்ப நான் சரியாத்தான் ஓட்டினேனா?"

"சரியாத்தான் ஓட்டினே."

"மூணு வாரம்டா. என் கை மேல எனக்கே சந்தேகம் வந்துடுச்சு." விரிப்பை அவன் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். "ஏன் போட்டே?"

"அதோட சத்தத்த ஒரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு."

"கேட்டு முடிச்சியா?"

அவன் குனிந்து அடுத்த விரிப்பின் முனையை எடுத்தான்.

மறுநாள் பார்ட்ஸ் கடைக்கு அவளும் கூட வந்தாள். "நீ பேசாத, நான் பேசறேன்" என்று சொல்லிவிட்டுக் கவுண்டரில் முழங்கையை ஊன்றினாள். இத்தனை எடை, இத்தனை தூரம் மேடு, இந்தக் கியரில் ஏறுவேன், இந்த வளைவில் திணறும் என்று எல்லாம் விவரமாகச் சொன்னாள். ஒவ்வொரு பெட்டியையும் திறக்கச் சொல்லி, எது எந்த வேகத்தில் இழுக்கும் என்று கேட்டாள். கடைக்காரர் இரண்டாவது பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, வண்டி எது என்று எட்டிப் பார்த்தார்.

"இதானா? தம்பி அன்னிக்குத் தன் வண்டின்னுல்ல சொல்லுச்சு? சுமையே கிடையாதுன்னு சொல்லுச்சேம்மா."

இதை அவன் நேற்று சொல்லியிருக்கவில்லை. அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. "இதையே குடுங்க" என்று பெட்டியை எடுத்துக்கொண்டாள்.

பட்டறையில் அவன் வேலை செய்து முடிக்கும் வரை ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பழையதைக் கழற்றியதும் வாங்கிப் பார்த்துக் கீழே வைத்தாள். டைமிங் குறியை ஏன் நேராக வைக்கிறாய், இந்த இடைவெளி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் சொன்ன எதற்கும் "நீ சொன்னா சரி" என்று அவள் சொல்லவில்லை. எத்தனையோ வருடமாக அந்த வார்த்தை அவனுக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது. இன்று அது வராதா என்று காது ஏங்கியது.

அடுத்த நாள் காலையில் மேட்டின் அடிவாரத்துக்கு நடந்தே போய் நின்றான். அக்கா இரண்டு மூட்டைகளோடு வந்தாள். அவனைப் பார்த்தும் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டி கொஞ்சமும் முக்காமல் ஏறியது. பாதி மேட்டில், சரியாகச் செங்குத்தாக இருக்கும் இடத்தில், அவளாகவே நிறுத்தினாள். காலை ஊன்றி, இன்ஜினையும் அணைத்தாள். மறுபடி கிளப்பி, ஏறினாள். இருபதடி தள்ளி மறுபடி நிறுத்தினாள், அணைத்தாள், கிளப்பினாள். வளைவுக்கு முன்னால் இன்னொரு முறை.

பின்னால் வந்த லாரிக்காரன் பொறுமையிழந்து ஹாரனை அழுத்தினான். "எம்மா, ஏறுதுல்ல? அப்புறம் எதுக்கு நிறுத்தி நிறுத்திப் போறே?"

"நானே பாக்கணும்!" என்று அக்கா கத்தினாள்.

வண்டி நல்லபடியாக ஏறும் என்று நேற்றிரவே அவளிடம் மூன்று முறை சொல்லியிருந்தான்.