என் பெயர் இல்லாத அனுமதிப்பத்திரம்

என் பேராசிரியரை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிடு என்று புத்தி சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கடலாமைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய அவரிடம் மாணவியாகச் சேர்ந்திருந்தேன். இந்த நாட்டில் கடலாமையைக் கொல்லக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆராய்ச்சிக்காகத் தொடுவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் தொடலாம் என்பது பலருக்குத் தெரியாது. முதல் வருடம் அவருடைய பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. அடுத்த வருடம் புதுப்பித்தபோது, "எல்லாம் சரி பிள்ளை, நீர் வேலையைப் பாரும்" என்றார். படிப்பிக்கிற மனிதரிடம் போய்க் கடதாசியைக் காட்டுங்கோ என்று கேட்டால், எங்கள் பக்கத்தில் அது அவரைக் கள்ளன் என்று சொன்னதற்குச் சமம். அதனால் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், கள்ளன்தானே!

குருநகரில் சொந்தமாகப் படகும் வலையும் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி அண்ணை, வலையில் ஆமை பட்டால் எனக்குப் போன் எடுப்பார். உடுப்பிட்டியிலிருந்து ஸ்கூட்டியில் பறப்பேன். ஆமையின் கண்களை ஈரத்துணியால் மூடி, அளந்து, முன்துடுப்பின் ஓரத்தில் இலக்கத் தகடு ஒன்றைக் குறட்டால் பூட்டி, கடலில் விடுவேன். பேராசிரியர் ஒருநாளும் வந்ததில்லை. சப்பாத்துக்குள் மண் போய்விடுமாம். ஆனால் அறிக்கைகளில் எல்லாத் தகடுகளையும் அவரே தன் கையால் பூட்டியிருப்பார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் நான் ஆமையும் கையுமாக இருந்தபோது வனசீவராசிகள் அதிகாரி ஒருவர் கரைக்கு வந்தார். தன் போனில் இருந்த அனுமதிப்பத்திரப் பிரதியைத் திறந்து பார்த்தார். என் பெயர் இல்லை. அது இருந்த இடத்தில் பேராசிரியருடைய மகளின் பெயர் இருந்தது. கொழும்பில் இருக்கிற பிள்ளை. வெளிநாட்டில் படிக்க விண்ணப்பிப்பதற்கு ஆராய்ச்சி அனுபவம் தேவைப்பட்டதாம். மீன் மணத்துக்கே மூக்கைப் பொத்துகிற பிள்ளைக்கு ஆமை அனுபவம்!

அதிகாரி நியாயமான மனிதர். "தங்கச்சி, சேர் சொல்லித்தான் நீங்கள் செய்தனீங்கள் எண்டால் பொறுப்பு அவருக்கு. அவரையே கேப்பம்" என்று எனக்கு முன்னாலேயே போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்தப் பிள்ளையோ? எனக்கொண்டும் தெரியாது. தகடு பூட்டுறதெல்லாம் நான்தான். உவ என்னைக் கேக்காமல் செய்திருக்கிறா" என்றது அந்தக் குரல். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை. வழக்கு என் பெயரில் எழுதப்பட்டது. குற்றவாளி என்று தீர்ப்பானால் பட்டமும் இல்லை, அரசாங்க உத்தியோகமும் இல்லை. அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "பொறுத்தார் பூமி ஆள்வார் பிள்ளை" என்றார்.

"எனக்குப் பூமி வேண்டாம் அம்மா. அந்தாளின்ரை வாயாலை உண்மை வந்தால் காணும்."

ஒன்றும் நடக்காதது போலப் பேராசிரியர் என்னை மறுபடியும் வேலைக்குக் கூப்பிட்டார். வேறு யாருக்கு அந்த வேலை தெரியும்? நானும் ஒன்றும் நடக்காதது போலப் போனேன். "ஓம் சேர், ஓம் சேர்" என்றேன். ஆராய்ச்சிக்குக் காசு தரும் வெளிநாட்டுக்காரர் இருவர் ஒரு கிழமை வந்து நின்று வேலையைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். "நான் அவையளுக்கு விளங்கப்படுத்துறன், நீர் தகட்டைப் பூட்டும். வெள்ளைக்காரர் பெர்மிற்றே கேக்கப்போகினம்?"

அவர்கள் கேட்கமாட்டார்கள்தான். கேட்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். அந்தக் கிழமையில் ஒரு காலை சம்மாட்டி அண்ணை பேராமை ஒன்று பட்டிருக்கிறது என்று சொன்னதும், பேராசிரியருக்குச் சொல்வதற்கு முன் அதிகாரிக்குத்தான் போன் எடுத்தேன். "ஐயா, இண்டைக்குச் சேர் தன்ரை கையாலை தகடு பூட்டப்போறார். வந்து பாருங்கோ."

ஆமை ஈரச் சாக்குக்குக் கீழே கிடந்தது. பேராசிரியர் விருந்தினருக்கு அழகான இங்கிலீசில் பிரசங்கம் செய்தார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ம், பூட்டும்" என்றார்.

"ஏலாது சேர். பெர்மிற்றிலை என்ரை பேர் இல்லை."

"சும்மா கதையாதையும். பிடியும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

படகுக்குப் பின்னால் நின்ற அதிகாரி முன்னுக்கு வந்தார். "எல்லாத்தையும் நீங்கள்தானே பூட்டினது சேர்? இதையும் பூட்டுங்கோ."

குறட்டை நீட்டினேன். பேராசிரியர் அதைத் தலைகீழாக வாங்கினார். குனிந்து துடுப்பின் நுனியைப் பிடித்தார். பேராமை விட்ட அறையில் அவருடைய கண்ணாடி மணலில் போய் விழுந்தது. "ஐயோ, உதென்ன பிடி சேர்!" என்று சம்மாட்டி அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். மறுபடியும் பிடிக்கப் போனவர் மணலில் குந்திவிட்டார். விருந்தினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கைகட்டி நின்றேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை, தேனாய் இனித்தது.

"காணும், பாவம் அந்தச் சீவன்" என்று அதிகாரி நிறுத்தினார். அவரும் சம்மாட்டி அண்ணையுமாக ஆமையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார்கள். அதிகாரி திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப முந்தினதெல்லாம் ஆர் பூட்டினது சேர்?"

என்ன கேட்கிறார் என்று விருந்தினர் என்னைக் கேட்டார்கள். இங்கிலீசில் சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். "பிள்ளை..." என்றார். அத்தனை காலத்தில் அவர் என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். நான் கடலைப் பார்த்தேன்.

"உவதான் பூட்டினது. நான்தான் பூட்டச் சொன்னனான்" என்று அவர் மணலைப் பார்த்து முணுமுணுத்தார். அதிகாரி பேனாவை எடுத்தார். வழக்கு என்னை விட்டுப் போய்விட்டது என்று எனக்கு விளங்கியது. இருந்தும் போதவில்லை.

காற்றே இல்லாத காலை. கடல் ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது.

"கேக்கேல்லை சேர்" என்றேன். "பலமாச் சொல்லுங்கோ. பிறகு இங்கிலீசிலையும் ஒருக்காச் சொல்லுங்கோ."